நேரில் வந்து பிளாக் செய்தவர்

ஒருவரை வீடியோ காலில் பிளாக் செய்துவிட்டு, அந்தச் செய்தியை அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து காப்பியும் குடித்துவிட்டு வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஸ்ரீவராகத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். பெயர் நோட்டீஸ் மாமா. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். அதை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

மாமா முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தவர். நெய்யாற்றின்கரையிலிருந்து வர்க்கலை வரை அவர் ஏறாத வாசற்படி கிடையாது. ஆள் இருந்தால் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சி வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் காகிதம். "சர்வ் ஆகாத நோட்டீஸ் செல்லாது" என்பது மாமாவுக்கு வேதவாக்கு. பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் உத்தியோகம் மாமாவை விட்டுவிட்டது. மாமாவின் கால்கள் உத்தியோகத்தை விடவில்லை. காலையில் கோவில், பிறகு சாலை மார்க்கெட், பிறகு கிழக்கே கோட்டை, அங்கிருந்து காரணமே இல்லாமல் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட், திரும்ப வீடு. நின்று பேசும்போதுகூட இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். பத்து நிமிஷம் அவரோடு பேசினால் நமக்குக் கால் வலிக்கும்.

இப்படிப்பட்டவர் கையில் அவருடைய ஒரே பெண் வித்யா ஒரு ஸ்மார்ட் போனைக் கொடுத்துவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். மாமி தவறிப்போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பா தனியாக இருக்கிறாரே, முகம் பார்த்துப் பேசட்டும் என்று நல்ல மனசோடுதான் வீடியோ கால் சொல்லிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு நிம்மதி போயிற்று. சாலை மார்க்கெட்டில் நின்றுகொண்டு, "கோமதி, இந்த வெள்ளரிக்கா பிஞ்சா முத்தலா, நீயே பார்த்துச் சொல்லு" என்பார். காயைக் காமிராவுக்கு அத்தனை பக்கத்தில் பிடிப்பார், என் போனில் பச்சை நிறம் மட்டும் தெரியும். நான் பிஞ்சு என்றால் அவர் முத்தல் என்பார். பின்னே எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் கால் வந்தபோது நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு "ம்", "ஆமாம்", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டே என் வேலையைப் பார்த்தேன். போன் எப்போது சரிந்து மல்லாந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமா வாசலில் நின்றார். வேஷ்டி இஸ்திரி போட்டது, நெற்றியில் புதுச் சந்தனம்.

"நேத்திக்கு அரை மணி நேரம் நான் உங்காத்து ஃபேனோட பேசிண்டிருந்தேன், கோமதி."

"அய்யோ, கவனிக்கலை மாமா. போன் சரிஞ்சுடுத்து போலிருக்கு."

"அது போட்டும். இன்னிக்குக் காலம்பற ஆறே முக்காலுக்கு உன்னை பிளாக் பண்ணியாச்சு. நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொன்ன தோரணை எப்படி என்றால், பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்வதுபோல இருந்தது. எங்கள் தெருவில் கல்யாணமோ காரியமோ, நேரில் வந்து சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். தபாலில் பத்திரிகை அனுப்பியவர் வீட்டுக்கு இன்றுவரை போகாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிளாக்குக்கும் அந்த மரியாதை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இதை எதுக்கு மாமா வந்து சொல்லணும்? எல்லாரும் சொல்லாமத்தானே பண்றா."

"அங்கயாக்கும் தப்பு" என்று மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். "நீ கூப்பிட்டா உன் போன்ல ரிங் போகும். என் போன்ல ஒரு சத்தமும் வராது. அந்த ஆப் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாது. நீ என்ன நெனைப்பே? மாமா குளிக்கறார், மாமா கோவிலுக்குப் போயிருக்கார்னு வெறுதே நெனைச்சிண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டிண்டிருப்பே. ஒரு மனுஷியை அப்படி ஏமாத்தலாமோ? கோபம் இருந்தா வந்து சொல்லணும். காப்பி இருக்கா?"

இருந்தது. குடித்தார். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றும் சொன்னார்.

அதிலிருந்து பிடித்தது சனி. பிளாக் ஆவதற்கு முன்னால் மாமா என்னிடம் வாரத்துக்கு இரண்டு நாள் பேசுவார். பிளாக் ஆன பிறகு தினமும் வந்தார். "கூப்பிட்டுப் பார்த்தியோ?" என்பார். பார்த்தேன், ரிங் போகிறது என்பேன். "போகும். இங்க வந்ததோ பாரு" என்று தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். வரவில்லை என்பதில் இரண்டு பேரும் ஒருமனப்பட்டதும் காப்பி. பத்தாம் நாள் மறுபடியும் இஸ்திரி வேஷ்டியோடு வந்து, பிளாக்கை எடுத்துவிட்டதாக முறைப்படி தெரிவித்தார். பிளாக் இருந்த நாட்களில் நான் கூப்பிட்டதெல்லாம் இனிமேலும் அவர் போனில் தெரியாது, அதெல்லாம் போனது போனதுதான் என்றும் விளக்கினார். நான் கூப்பிட்டதே அவர் கேட்டதற்காகத்தான் என்பதைச் சொல்லவில்லை.

எதிர் வீட்டு பாங்க் மானேஜர் ரிட்டையரானவர், கௌரவமான மனிதர். அவர் செய்த குற்றம், வீடியோவில் முறுக்கு தின்றுகொண்டே பேசியது, மாமாவைச் சாப்பிட்டாச்சா என்று கேட்காதது. மாமா நோட்டீஸ் கொடுக்கப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. சட்டப்படி செய்ய வேண்டியதை மாமா செய்தார். மானேஜர் கொல்லத்திலிருந்து திரும்பி வந்து கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பதறிவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தால், 'தங்களை இன்று காலை 10.15 முதல் வீடியோ அழைப்பில் பிளாக் செய்திருக்கிறேன் என்பதை இதனால் அறியவும்' என்று இருக்கிறது. கீழே சாட்சிக் கையெழுத்து பால்காரருடையது. பசை அசல் கோர்ட் பசை போலிருக்கிறது, இரண்டு மழைக்காலம் ஆகியும் அந்தக் கதவில் காகிதத்தின் நாலு மூலையும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு தடவை தெரு சங்கத்தின் கூட்டத்தை வீடியோவில் வைத்தார்கள். செயலாளர் எல்லாரையும் ஒரே காலில் சேர்த்தார். பார்த்தால் பிளாக் செய்த மாமாவும், செய்யப்பட்ட மானேஜரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்த கையோடு மாமா வீடு வீடாக வந்து விளக்கம் கொடுத்தார்.

"அது செயலாளரோட கால், கேட்டியா. நான் மானேஜரைக் கூப்பிடப்படாது, அவர் கூப்பிட்டா எனக்கு வராது. மூணாம் மனுஷா கூப்பிட்டா ரெண்டு பேரும் வரலாம். பேச்சுவார்த்தை இல்லாதவா கல்யாணத்துல ஒரே பந்தியில உக்காரறாளோல்லியோ, அதாக்கும் சங்கதி."

இதுவரை எல்லாம் சிரிப்புதான். போன வருஷம் வித்யா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. மாமாவின் நடை இரண்டு மடங்காயிற்று. தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் என்று அவர் பாட்டுக்கு முடிவு செய்து, உள் அறைக்கு இளமஞ்சள் பெயிண்ட் அடித்து, தொட்டில் கட்டும் வளையத்தைத் துரு போகத் தேய்த்து, பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்மாளை இப்போதே பார்த்துப் பேசி வைத்துவிட்டார். அம்மா இல்லாத பெண் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதுதான் அவருடைய பயம், சொல்ல மாட்டார்.

பிறகு திடீரென்று நாலு நாள் மாமாவைக் காணோம். தெருவில் நடக்கிறார், ஆனால் எந்த வாசலிலும் நிற்பதில்லை. அன்று நான் தம்பானூர் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கும்போது ஜெர்மனியிலிருந்து கால் வந்தது.

"கோமதி அக்கா, அப்பாக்கு ஒடம்பு சரியில்லையா?" வித்யாவின் முகம் வீங்கியிருந்தது. "நாலு நாளா கூப்பிடறேன். ரிங் போறது, எடுக்க மாட்டேங்கறார். சாதாரணக் காலா பண்ணினா ஏதோ தெரியாத நம்பர் காட்டும் போலிருக்கு, அதையும் எடுக்கலை. ஒண்ணு போய்ப் பாருங்கோ அக்கா, ப்ளீஸ்."

ரிங் போகிறது என்றதுமே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. டப்பாவை மூடிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கதவு திறந்தே இருந்தது. மாமா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"வித்யா போன் பண்ணினா மாமா."

"உனக்கா?" அவர் நடையை நிறுத்தவில்லை. "உனக்குப் பண்ணத் தெரியறது. நாலு நாள் ஆச்சு கோமதி. பிரசவத்துக்கு அங்கயே இருந்துக்கறேன், வரலைன்னு சொல்றா. நான் கோச்சுண்டு வெச்சுட்டேன். பெத்தவன் கோச்சுண்டானேன்னு ஒரு கால் பண்ணப்படாதோ? ஒண்ணே ஒண்ணு?"

"அவளை பிளாக் பண்ணினேளா?"

"பின்னே? அந்த நிமிஷமே பண்ணினேன்."

"அப்போ அவ கூப்பிட்டா உங்களுக்கு எப்படி மாமா வரும்?"

மாமா நின்றார். நான் பார்த்து அவர் கால் மாற்றாமல் நின்றது அன்றைக்குத்தான். ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய் இதே பாடத்தை நடத்தியவர், தன் பெண் விஷயத்தில் மட்டும் அதை மறந்துபோய், நாலு நாளாக அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடிக்கும் என்று காத்திருந்திருக்கிறார்.

"அவளுக்கு ரிங் போயிருக்குமோ?"

"போயிருக்கும்."

"நான் வேணும்னே எடுக்கலைன்னு நெனைச்சிருப்பா." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை தடவை கூப்பிட்டான்னு இப்போ தெரிஞ்சுக்க முடியுமோ, கோமதி?"

பதில் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது.

"எடுத்துடுங்கோ அந்த பிளாக்கை, இப்பவே."

"எப்படி எடுக்கறது? பண்ணினதே இன்னும் சர்வ் ஆகலையே. சர்வ் ஆகாததை ரத்துப் பண்ண முடியாது. பண்ணினதையும் நேர்ல சொல்லணும், எடுத்ததையும் நேர்ல சொல்லணும்."

"அவ ஜெர்மனியில இருக்கா மாமா."

"தெரியும். அதான் நாலு நாளா கால் நிக்க மாட்டேங்கறது."

இவரோடு வாதாடினால் என் மத்தியான இடைவேளை போய்விடும். நான் வித்யாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். அதே காலில் மாமாவையும் சேர்த்தேன். அவர் கையில் போன் அடித்தது. பதறிப்போய் முதலில் சட்டையைத் தேடினார், போட்டுக்கொண்ட பிறகுதான் எடுத்தார். இரண்டு போனும் ஒரே கூடத்தில் இருந்ததால் ஊளையிட ஆரம்பித்தன. நான் கொல்லைக்கு ஓடிக் கிணற்றடியில் நின்றுகொண்டேன்.

"அப்பா" என்றாள் வித்யா.

"கோமதி, நான் உன் கால்லயாக்கும் இருக்கேன்னு அவகிட்டச் சொல்லு."

"அவ கேட்டிண்டுதான் இருக்கா மாமா."

"அக்கா, அப்பாட்ட நீங்க சொல்லுங்கோ" என்றாள் அவளும், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். "நான் வர மாட்டேன்னு சொல்லலை. டாக்டர் என்னை ஃப்ளைட்ல போகப்படாதுன்னுட்டா. பிரஷர் இருக்கு. அதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள வெச்சுட்டார்."

"பிரஷரா? எவ்வளவு?" என்று மாமா நேராகவே கேட்டுவிட்டார். உடனே ஞாபகம் வந்து, "கோமதி, எவ்வளவுன்னு கேளு" என்றார்.

கேட்டேன். சொன்னாள். மாமா உள் அறைக்குப் போயிருக்க வேண்டும். அவர் கட்டத்தில் இளமஞ்சள் சுவர் மட்டும் தெரிந்தது. என்ன செய்கிறார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சட்டச் சிக்கலை வித்யாவுக்கு நான்தான் விளக்கினேன். பிளாக் இருக்கிறது, ஆனால் செல்லாது, செல்லாததால் எடுக்கவும் முடியாது என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நேர்ல சொன்னாத்தானே செல்லும்? வந்து சொல்லச் சொல்லுங்கோ. நான் வாசல்லயே நிக்கறேன்."

விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த மனிதர் மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் போட்டார். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் எங்கள் மாமாவைக் கோர்ட் நாளிலிருந்தே அறிந்தவர். "ஸாரே, எந்தினா போகுன்னது?" என்று மலையாளத்தில், போகும் காரணத்தை மரியாதைக்குக் கேட்டார். மாமா, "ஒரு நோட்டீஸ் சர்வ் செய்யணும்" என்றார். நான் குறுக்கே விழுந்து, பெண்ணுக்குப் பிரசவம் என்று சொல்ல வேண்டியிருந்தது. விசா விண்ணப்பத்தில் 'மகளைப் பார்க்க' என்று நான் நிரப்பியதும், அது முழு உண்மை ஆகாது என்று ஒரு மணி நேரம் தர்க்கம் செய்தார்.

காகிதங்கள் எல்லாம் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ள ஒரே வழி நான்தான். தினமும் ஒரு மணிக்கு நான் ஆபீசில் டப்பாவைத் திறந்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சேர்த்து, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவேன். நான் விலகினாலும் கால் ஓடும். ஆனால் மாமா சம்மதிக்க மாட்டார். "கூப்பிட்டவா எழுந்து போனப்புறம் விருந்தாளி உக்காரப்படாது" என்பார். முதல் வாரம் எல்லாம் "கோமதி, உப்பைக் குறைச்சாளான்னு கேளு", "கோமதி, இன்னிக்கு எத்தனை பிரஷர்னு கேளு." இரண்டாம் வாரத்தில் நடுவே 'கோமதி' வருவது நின்றுவிட்டது. அவர் நடந்துகொண்டே பேசுவார், பின்னால் கிழக்கே கோட்டை, ஆட்டோ, மழை எல்லாம் ஓடும். அவள் அங்கே சோபாவில் கால் நீட்டிப் படுத்தபடி, மாமி எப்படி மிளகு ரசம் வைப்பாள் என்று கேட்பாள். அவர் தெரியாது என்பார், ஆனாலும் இருபது நிமிஷம் சொல்வார். பிரஷர் ஏறிய நாட்களில் மூன்று பேருமே சாப்பிடவில்லை. அடுத்தவர் வீட்டுப் பேச்சைத் தினமும் கேட்கிறேனே என்று எனக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. போகப்போக, ஒரு மணி எப்போது அடிக்கும் என்று பன்னிரண்டரைக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாமா ஜெர்மனிக்குப் போய் இறங்கிய அன்று வித்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வாசல்லயே வெச்சுச் சொல்லிட்டார் அக்கா. பெட்டியைக்கூடக் கீழ வைக்கலை. இன்ன தேதி பத்தேகாலுக்கு உன்னை பிளாக் பண்ணினேன்னார். அப்புறம், இப்போ எடுத்துட்டேன்னு சொல்ல வந்தவர், பாதியில போனை என் கையில குடுத்துட்டார். எங்காத்துக்காரர் ஒண்ணும் புரியாம சாட்சிக் கையெழுத்துப் போட்டார்."

பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் சேய்க்கும் ஒரு குறையுமில்லை. மாமா அங்கே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கு அறை நடக்கிறாராம். அவர் உட்கார்ந்தால் அது அழுகிறதாம்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பாவும் பெண்ணும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்து வைக்க இனிமேல் மூன்றாம் மனுஷி வேண்டாம். இருந்தாலும் நேற்று ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தவள், காரணமே இல்லாமல் இரண்டு பேர் போனுக்கும் சேர்த்து ஒரு கால் போட்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் எடுத்து, என்ன கோமதி, என்ன அக்கா என்றார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "ஒண்ணுமில்லை, நான் சாப்பிடறேன், நீங்க பேசிண்டிருங்கோ" என்றேன்.